சட்டைப் பையில் கை விடும் முன்...

(சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)

  

"மரியாதையா நடந்துக்கிறியா, இல்ல கஞ்சா கேஸ்ல உள்ள தள்ளவா?" இந்த மிரட்டலைக் கேட்காத தெரு நம் ஊர்களில் இருக்கிறதா? சினிமாவில் வரும்போது கைதட்டிச் சிரிக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து ஒரு காவலர் சொல்லும்போதுதான் அடிவயிறு கலங்குகிறது. கொலை கேஸில் தள்ளுவேன் என்று யாரும் மிரட்டுவதில்லை. அது என்ன கஞ்சா? கொஞ்சம் சிந்தித்துப் பாருங்கள்.

கொலை என்றால் ஒரு பிணம் வேண்டும். திருட்டு என்றால் பொருளைப் பறிகொடுத்தவர் வந்து புகார் தர வேண்டும். அடிதடி என்றால் காயம்பட்டவரும் மருத்துவர் சான்றும் வேண்டும். போதைப்பொருள் வழக்கில் இவை எதுவும் தேவையில்லை. ஒரு பொட்டலம் போதும். அது உங்கள் இடுப்பில் இருந்தது என்று சொல்ல இரண்டு போலீஸ்காரர்கள் போதும். புகார்தாரரும் அவர்தான், பொருளைக் கண்டெடுத்தவரும் அவர்தான், சாட்சியும் அவர்தான். பல வழக்குகளில் அந்தப் பொட்டலத்துக்குக் காவல் இருப்பவரும் அவரேதான். புகார் கொடுத்த அதிகாரியே புலன்விசாரணையும் செய்யக் கூடாது என்று 2018-இல் மோகன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். இரண்டே ஆண்டில், 2020 ஆகஸ்டில், முகேஷ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அதை மாற்றிவிட்டார்கள். அந்த ஒரு காரணத்தாலேயே வழக்கு கெட்டுவிடாது, பாரபட்சம் இருந்ததா என்று வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய நிலை.

பேச்சைத் தொடரும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, போதை நமக்கு ஹராம். அதை விற்கிறவனுக்கு எதற்கு உரிமை வகுப்பு?" நியாயமான கேள்வி. போதை விற்பவனை நான் ஆதரிக்கவில்லை. நம் தெருவில் விற்பவனைப் பிடித்துக் கொடுக்க ஜமாஅத் முன்வந்தால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். ஆனால் விற்றவனையும் விற்காதவனையும் பிரித்துக் காட்டுவது எது? சோதனை நடந்த முறையும், எடுத்த பொருளைப் பாதுகாத்த முறையும்தான். வேறு எதுவும் கிடையாது. அந்த முறையைக் காற்றில் பறக்கவிட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கேட்ட பெரியவரின் பேரனும் போகலாம்.

சட்டத்தின் கடுமை

1985 நவம்பர் 14 முதல் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கஞ்சா என்றால் 1 கிலோ வரை சிறிய அளவு. ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல், ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். இடைப்பட்ட எடைக்கு 10 ஆண்டு வரை. ஹெராயின் என்றால் 250 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு.

நான் பார்த்த வழக்குக் கட்டுகளில் 1 கிலோ 100 கிராம், 1 கிலோ 200 கிராம் என்ற எடைகள் அடிக்கடி வருகின்றன. ஏனோ தராசுக்கு அந்த எடை மிகவும் பிடித்துப் போயிருக்கிறது. காரணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வணிக அளவு என்று வந்துவிட்டால் 37ஆவது பிரிவு குறுக்கே வந்து நிற்கும். இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனால் குற்றம் செய்யமாட்டார் என்று நீதிபதி திருப்தியடைந்தால்தான் ஜாமீன். விசாரணையே தொடங்காத நிலையில் அதை எப்படி நம்புவது? அதனால் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடக்கிறார்கள். 2023 மார்ச்சில் முகமது முஸ்லிம் வழக்கில், கைதானபோது 23 வயதாக இருந்த ஒருவர் ஏழாண்டுக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்ததைப் பார்த்த உச்ச நீதிமன்றம், விசாரணை இப்படி இழுத்தடிக்கப்பட்டால் 37ஆவது பிரிவு இருந்தாலும் ஜாமீன் கொடுக்கலாம் என்றது. ஏழு ஆண்டு! நம் வீட்டில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வாங்கும் வரையிலான காலம் அது.

அதற்கு மேல் 35, 54ஆவது பிரிவுகள். பொருள் உன்னிடம் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும், தெரிந்தே வைத்திருந்தாய் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது உன் பாடு. சாதாரணக் குற்ற வழக்கின் அடிப்படையே இங்கே தலைகீழ்.

அரசியல் சாசனம் என்ன சொல்கிறது?

சரி, முறைகேடாகச் சோதனை போட்டு எடுத்த பொருளை சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று நம் அரசியல் சாசனத்தில் இருக்கிறதா? பலரும் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை என்பதுதான் கசப்பான உண்மை.

அமெரிக்காவில் இருக்கிறது. அவர்களுடைய சாசனத்தின் நான்காவது திருத்தம் நியாயமற்ற சோதனையைத் தடுக்கிறது. அப்படி எடுத்ததை நீதிமன்றத்துக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது என்று மத்திய அரசின் வழக்குகளுக்கு 1914-இலும், மாநிலங்களுக்கு 1961-இலும் அங்கே தீர்ப்பு வந்துவிட்டது. நம் நாட்டிலோ 1954-இல் எம்.பி.சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள், அமெரிக்கா மாதிரி அந்தரங்க உரிமையை நம் சாசனத்தை எழுதியவர்கள் தரவில்லை, இல்லாததை நாங்கள் இறக்குமதி செய்ய முடியாது என்றார்கள். 1973 டிசம்பரில் பூரன் மல் என்ற வருமான வரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் இன்னும் ஒரு படி போனார்கள். சோதனை சட்ட விரோதமாகவே இருக்கட்டும், கிடைத்த பொருள் வழக்குக்குத் தொடர்புடையது என்றால் சாட்சியமாக ஏற்கலாம் என்றார்கள்.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமைதான், அது 21ஆவது பிரிவுக்குள் இருக்கிறது என்று ஒரே குரலில் சொல்லி, எம்.பி.சர்மா தீர்ப்பின் அந்தப் பகுதியைத் தூக்கி எறிந்தார்கள். மகத்தான தீர்ப்பு. ஆனால் பூரன் மல் தீர்ப்பு அப்படியே நிற்கிறது. நீதிமன்றத்தில் எழுந்து நின்று "என் கட்சிக்காரரின் அந்தரங்கம் மீறப்பட்டது, பொட்டலத்தைத் தூக்கிப் போடுங்கள்" என்று மட்டும் வாதாடினால் நீதிபதி பூரன் மல்லைத்தான் எடுத்துக் காட்டுவார்.

அப்படியானால் நமக்கு என்ன மிச்சம்? போதைப்பொருள் சட்டத்துக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிற வேலிகள் மிச்சம். தண்டனை இவ்வளவு கடுமை என்பதால் நாடாளுமன்றமே சில வேலிகளைப் போட்டது. அந்த வேலியை அதிகாரி தாண்டினால், சட்டத்தால் வகுக்கப்பட்ட நடைமுறைப்படி அல்லாமல் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்கிற 21ஆவது பிரிவு உயிர் பெற்று எழும். சாசனத்துக்குப் போகிற வாசல் இந்தச் சட்டத்தின் பிரிவுகள் வழியாகத்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாத வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

ஐம்பதாவது பிரிவு

உங்கள் உடலைச் சோதிக்கப்போகிற அதிகாரி, சட்டைப் பையில் கை விடும் முன் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "அருகிலுள்ள மாஜிஸ்திரேட் முன்னிலையிலோ, அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையிலோ சோதனை நடத்தும்படி கேட்க உனக்கு உரிமை உண்டு." இதைச் சொல்வது அவருடைய கடமை. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பதும் இதே பிரிவில் இருக்கிறது. தாய்மார்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரிவு கட்டாயமானது என்று 1994-இல் பல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு கேரளத்திலிருந்து போன அலி முஸ்தபா வழக்கில், இந்தப் பிரிவை மீறி எடுத்த பொருளை வைத்துத் தண்டிக்க முடியாது, பூரன் மல் இதற்குப் பொருந்தாது என்றது. 1996-இல் வேறு அமர்வுகள் மாற்றிப் பேசின. குழப்பம் முற்றியதால் 1999 ஜூலையில் பல்தேவ் சிங் வழக்கில் தலைமை நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்தார்கள். நமக்குக் கிடைத்த பெரிய கேடயம் அந்தத் தீர்ப்புதான். உரிமையை எடுத்துச் சொல்லாமல் உடலிலிருந்து எடுத்த பொருளை, அவர் சட்ட விரோதமாக வைத்திருந்தார் என்பதற்குச் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. அதை மட்டுமே வைத்துத் தண்டித்திருந்தால் தண்டனை நிற்காது. 54ஆவது பிரிவின் அனுமானமும் எழாது. தண்டனை எவ்வளவு கடுமையோ அவ்வளவு எச்சரிக்கை தேவை என்பது அதன் சாரம்.

பிறகு "ஏறக்குறையச் சொல்லிவிட்டோம், அது போதாதா?" என்று அரசுத் தரப்பு கேட்கத் தொடங்கியது. போதாது என்று 2010 அக்டோபர் 29 அன்று விஜய்சிங் ஜடேஜா வழக்கில் மறுபடியும் ஐந்து நீதிபதிகள் அடித்துச் சொன்னார்கள். உரிமை என்ற சொல்லோடு சொல்ல வேண்டும், கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், முடிந்தவரை மாஜிஸ்திரேட்டிடமே அழைத்துப் போவது நல்லது என்றார்கள். 2014-இல் பரமானந்த் வழக்கில் இன்னொரு தந்திரம் உடைந்தது. "மாஜிஸ்திரேட் முன்னாலா, அரசிதழ் அதிகாரி முன்னாலா, இல்லை எங்களோடு வந்திருக்கிற இந்த அதிகாரி முன்னாலேயே செய்யட்டுமா?" என்று மூன்றாவது வழியைக் காட்டியிருந்தார்கள். ரெய்டு போன கூட்டத்தில் ஒருவரே சாட்சி அதிகாரியாக முடியாது என்றது நீதிமன்றம். இருவரைப் பிடித்து, இருவருக்கும் சேர்த்து ஒருவரிடம் கையெழுத்து வாங்கியதும் செல்லாது என்றது.

தந்திரங்களின் ராஜா எது தெரியுமா? சம்மதக் கடிதம். "தங்கள் மீது எனக்கு முழு நம்பிக்கை உள்ளது. தாங்களே சோதனை செய்யலாம்." கைது செய்யப்படப்போகிறவன், நடுங்கிக்கொண்டிருப்பவன், அதிகாரியைப் பார்த்து இப்படியொரு வாக்கியம் எழுதுவானாம்!

என் அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். கணவர் இல்லை. மகன் ஆட்டோ ஓட்டுபவன், படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவன். முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்த காகிதங்களை மேசையில் வைத்தார். போலீஸ் தரப்பின்படி, மாலை 6 மணிக்குப் பேருந்து நிலையம் அருகே சந்தேகத்துக்கு இடமாக நின்றான், இடுப்பில் லுங்கிக்குள் 1 கிலோ 200 கிராம் கஞ்சா இருந்தது. தாய் சொல்கிறார், காலை 11 மணிக்கே டீக்கடையிலிருந்து கூட்டிப் போனார்கள் என்று. காய்ந்த கஞ்சா அந்த எடை என்றால் ஒரு சின்னத் தலையணை அளவு வரும். லுங்கி இடுப்பில் அது நிற்குமா என்பது இருக்கட்டும். காகிதங்களில் ஆறு இடத்தில் அவன் கையெழுத்து இருந்தது. ஐந்தாவது, சம்மதக் கடிதம். சுத்தமான இலக்கணத் தமிழில், "எனக்குள்ள சட்டப்பூர்வ உரிமையை உணர்ந்தே" என்று தொடங்குகிறது. "இதை நீயா சொன்னாய்?" என்று சிறையில் அவனைக் கேட்டேன். "உணர்ந்தேன்னா என்னாண்ணே?" என்று கேட்டான்.

இந்த வழக்குக்கு மறுபடி வருகிறேன்.

உடலா, பையா?

ஐம்பதாவது பிரிவை வைத்து எல்லா வழக்கிலும் தப்பிக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பிரிவு உடலைச் சோதிப்பதற்கு மட்டும்தான். கையிலிருக்கிற பை உடலின் பகுதி அல்ல என்று 2005-இல் பவன் குமார் வழக்கில் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். 2023 அக்டோபரில் ரஞ்சன் குமார் சத்தா வழக்கிலும் அதுவே உறுதியானது. சட்டைப் பை என்றால் உரிமை உண்டு; தோளில் தொங்கும் பை என்றால் இல்லை. இந்தப் பிரிவினை எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை. பொட்டலத்தை வைக்க நினைப்பவனுக்குச் சட்டைப் பையைவிடத் தோள் பை அல்லவா எளிது! ஆனால் சட்டம் அதுதான்.

பை, வீடு, வண்டி என்று வந்தால் 42ஆவது பிரிவைப் பார்க்க வேண்டும். ரகசியத் தகவல் வந்ததாகச் சொல்கிற அதிகாரி அதை எழுத்தில் பதிய வேண்டும். 72 மணி நேரத்துக்குள் நகலை மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு, விடியும் முன், வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்தால், வாரண்ட் வாங்கிக்கொண்டிருந்தால் ஆள் தப்பிவிடுவான் அல்லது தடயம் மறைந்துவிடும் என்று நம்பியதற்கான காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். ஒன்றுமே எழுதவில்லை என்றால் அது வழக்கையே பாதிக்கும். அவசரத்தால் தாமதமாக எழுதியிருந்தால் விளக்கத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் வரையறுத்தார்கள். பொது ரோட்டில் நின்றாலும் தனியார் வாகனம் பொது இடம் ஆகிவிடாது, இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2021-இல் பூட்டா சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. வெறும் சந்தேகத்துக்குக்கூட இடமில்லாமல் வேண்டுமென்றே தொல்லை கொடுக்கச் சோதனை போட்ட அதிகாரிக்கு 58ஆவது பிரிவில் தண்டனை உண்டு. எவ்வளவு தெரியுமா? ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே இருபது ஆண்டு, இங்கே ஆயிரம் ரூபாய்!

எலி தின்ற கஞ்சா

இனி பறிமுதல் செய்த பொருளுக்கு வருவோம். வழக்கு பெரும்பாலும் தோற்பதோ ஜெயிப்பதோ இங்கேதான்.

2022-இல் உத்தரப் பிரதேசத்தின் மதுராவில், பறிமுதல் செய்த 581 கிலோ கஞ்சா எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. எலி தின்றுவிட்டது என்றது காவல்துறை. சிரிக்காதீர்கள், நம் சென்னையிலும் இதே கதை நடந்தது. 22 கிலோ கஞ்சா வழக்கில் பொருளை எலி தின்றுவிட்டதாகச் சொன்னதால் 2023 ஜூலையில் சிறப்பு நீதிமன்றம் இருவரை விடுதலை செய்தது. அந்த இருவர் குற்றவாளிகளா, நிரபராதிகளா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு விதத்திலும் அது அநீதி.

52-ஏ பிரிவு என்ன சொல்கிறது? பறிமுதல் செய்த பொருளைப் பட்டியலிட்டு, மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய், அவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, படம் பிடித்து, அவரிடம் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றே நீதிமன்றத்தில் முதன்மைச் சாட்சியம். நடைமுறையில் என்ன செய்து வந்தார்கள்? பிடித்த இடத்திலேயே மாதிரியைக் கிள்ளி, அரக்கு முத்திரையைத் தாங்களே வைத்து, நிலையத்திலேயே வைத்துக்கொண்டு, மெதுவாக ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இடையில் அந்தப் பொட்டலம் யார் கையில் இருந்தது? முத்திரை யாரிடம் இருந்தது? 2016 ஜனவரியில் மோகன்லால் என்ற வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து, மாதிரி எடுப்பது மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் என்றது. 2022 டிசம்பரில் மத்திய அரசு புதிய விதிகளையே வெளியிட்டது.

இது சென்னைக்கே வந்த வழக்கு ஒன்று. 2000-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு லாரியிலிருந்து 20 கிலோ ஹெராயின் எடுத்ததாக வழக்கு. கீழ் நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2023 அக்டோபரில் யூசுப் என்கிற ஆசிப் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாஜிஸ்திரேட் முன்னிலையில் பட்டியலும் மாதிரியும் எடுத்ததற்கு ஆதாரமே இல்லை, எனவே முதன்மைச் சாட்சியமே இல்லை என்று விடுதலை செய்தது. சம்பவத்துக்கும் விடுதலைக்கும் இடையே 23 ஆண்டு.

ஆனாலும் 2025 ஜனவரியில் பாரத் ஆம்பாலே வழக்கில் நீதிமன்றம் கொஞ்சம் பிரேக் போட்டிருக்கிறது. 52-ஏ மீறப்பட்டது என்பதாலேயே வழக்கு விழுந்துவிடாது; மற்ற சாட்சியங்கள் நம்பிக்கை தருகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்கிறது. எனவே "மீறினார்கள்" என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த மீறலால் பொட்டலத்தின் மீது என்ன சந்தேகம் எழுகிறது என்று காட்ட வேண்டும். எடை வேறுபாடு, முத்திரை வேறுபாடு, ஆய்வகத்துக்குப் போன தேதி, படிவம் 95 நீதிமன்றத்துக்கு வந்த தேதி. இதில்தான் வழக்கறிஞரின் உழைப்பு இருக்கிறது. 2008-இல் நூர் ஆகா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்கானியர், அமிர்தசரஸ் விமான நிலையத்தில் திராட்சைப் பெட்டிக்குள் ஹெராயின் கொண்டுவந்ததாகக் குற்றச்சாட்டு. ஹெராயின் இருந்ததாகச் சொன்ன பெட்டியே நீதிமன்றத்துக்கு வந்து சேரவில்லை. 35, 54ஆவது பிரிவுகள் சாசனத்துக்கு முரண் என்று அவர் தரப்பு வாதிட்டது. அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பிரிவுகள் செல்லும் என்றது. ஆனால் அடிப்படை உண்மைகளை முதலில் அரசுத் தரப்புதான் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், அதன் பிறகுதான் அனுமானம் என்று சொல்லி அவரை விடுதலை செய்தது. சாசன வாதம் தோற்றது, சாசனம் காட்டிய கண்டிப்பால் மனிதர் ஜெயித்தார்.

ஒப்புதல் வாக்குமூலம் பற்றியும் ஒரு வார்த்தை. போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அதிகாரிகள், நாங்கள் போலீஸ் அல்ல, எங்களிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்று பல காலம் தண்டனை வாங்கி வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று, அவர்களும் போலீஸ் அதிகாரிகளே, அந்த வாக்குமூலத்தைத் தண்டிக்கப் பயன்படுத்த முடியாது என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. தன்னையே காட்டிக்கொடுக்க யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 20(3) பிரிவுக்கு அன்றுதான் இந்தச் சட்டத்தில் உயிர் வந்தது.

நாம் செய்ய வேண்டியது

ஷாருக் கானின் மகன் 2021 அக்டோபர் 3 அன்று கைதானார். அவரிடமிருந்து எந்தப் பொருளும் எடுக்கப்படவில்லை. 28ஆம் தேதி மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 2022 மே மாதம் அவர் மீது குற்றச்சாட்டே இல்லை என்று விட்டுவிட்டார்கள். நாட்டின் பெரிய வழக்கறிஞர்கள் வரிசையில் நின்றும் கிட்டத்தட்ட நான்கு வாரம் உள்ளே. நம் ஆட்டோக்காரப் பிள்ளைக்கு யார் நிற்பார்கள்?

முதல் நாளில் நாம்தான் நிற்க வேண்டும். வழக்கறிஞரைத் தேடி ஓடும் முன் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வண்டியில் ஏற்றினார்கள், யார் பார்த்தார்கள்? பக்கத்துக் கடைக்காரரிடம் போய்க் கேமராப் பதிவைக் கேளுங்கள். பல கடைகளில் சில நாளில் அது அழிந்துவிடும். காவல் நிலையங்களில் கேமரா இருக்க வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். அந்தப் பதிவைப் பாதுகாக்கும்படி முதல் வாரத்திலேயே மனுப் போடுங்கள். காலை 11 மணிக்கு நிலையத்துக்குள் நடந்து போன பையன், மாலை 6 மணிக்குப் பேருந்து நிலையத்தில் எப்படி நிற்பான்?

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது 22ஆவது பிரிவு. அங்கே வாயைத் திறந்து பேச வேண்டும். "அடித்தார்களா?" என்று கேட்டால் தலையை ஆட்டாமல் சொல்ல வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால், படித்துக் காட்டாமல் வாங்கியிருந்தால், அதையும் அன்றே சொல்ல வேண்டும். மூன்று ஆண்டு கழித்து விசாரணையில் சொன்னால் "அப்போது ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆவது பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தச் சட்டங்களில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல உண்டு; இந்தப் பிரிவு நல்ல பிரிவு. பதிவைக் கேளுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.

இளைஞர்களே, உங்கள் கைப்பேசியையும் மறந்துவிடாதீர்கள். 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் போலீசார் தெருவில் வண்டிகளை நிறுத்தி, கைப்பேசியைத் திறக்கச் சொல்லி, உரையாடல்களில் கஞ்சா என்ற சொல் இருக்கிறதா என்று தேடினார்கள். புட்டசாமி தீர்ப்பு வந்து நான்கு ஆண்டு ஆன பிறகு! தெருவில் நிற்கிற காவலர் எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறார் என்று மரியாதையாகக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சண்டை வேண்டாம், தள்ளுமுள்ளு வேண்டாம். அது இன்னொரு வழக்காகிவிடும்.

அந்தத் தாயின் மகனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. இப்போது வேறொருவரின் ஆட்டோவை இரவில் ஓட்டுகிறான். டீக்கடைக்காரர் சாட்சி சொல்ல முதலில் பயந்தார். ஜமாஅத் பெரியவர்கள் இருவர் போய்ப் பேசிய பிறகு சம்மதித்திருக்கிறார். கடைக் கேமராப் பதிவு கிடைக்கவில்லை. தாய் என்னிடம் வந்தது பதினெட்டாம் நாள், அதற்குள் அழிந்துவிட்டது. நிலையத்தின் பதிவுக்கு மனுப் போட்டோம். கேமரா பழுது என்று பதில் வந்திருக்கிறது. பழுதுபார்த்த பதிவேட்டைக் கேட்டிருக்கிறோம்.

அடுத்த மாத வாய்தாவில் சப்-இன்ஸ்பெக்டரின் குறுக்கு விசாரணை. முதல் கேள்வி அந்த ஐந்தாவது கையெழுத்தைப் பற்றித்தான்.